நூல் பிடித்தாற்போல் ஒரு பின் ஆக்சில்

என் மாருதி ஜிப்சியின் பின் ஆக்சிலை முதல்முறை நானே கழற்றி மாட்டியபோது குறுக்களவுகள் இரண்டும் ஒரு மி.மீ.கூட வித்தியாசமில்லாமல் வந்தன. சேசிஸ் என்கிற அடிச்சட்டத்தின் இடது புள்ளியிலிருந்து ஆக்சிலின் வலது முனைக்கு ஒன்று, வலது புள்ளியிலிருந்து இடது முனைக்கு ஒன்று, அவைதான் குறுக்களவுகள். பெங்களூர் மர்ஃபி டவுனில் எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே, ஒரு வண்டி நின்றால் ஆள் பக்கவாட்டில்தான் நடக்க முடியும் என்கிற இடத்தில் நடந்த வேலை. டேப்பைச் சுருட்டி வைத்துவிட்டுப் பெருமையோடு டீக்கடைக்குப் போனேன். மாலையில் வண்டியை எடுத்தால், ஸ்டீயரிங்கை இடப்பக்கம் சற்றுத் திருப்பிப் பிடித்தால்தான் நேராகப் போனது. பின்னால் பைக்கில் வந்த நண்பன் சிக்னலில் பக்கத்தில் வந்து, "டேய், உன் வண்டி நண்டு மாதிரி போகுதுடா" என்றான்.

அளவு சரி, வண்டி கோணல். இது எப்படி நடக்கும் என்று புரிந்துகொள்ள எனக்கு ஒரு மாதம் ஆனது. புரியவைத்தவர் என் தாய்மாமா. கோலார் தங்கவயலில் 2001-இல் சுரங்கம் மூடப்படும்வரை ஃபிட்டராக இருந்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாரிக்குப்பத்திலிருந்து காலை ரயிலில் வந்து இறங்கினார். வண்டியைக்கூடப் பார்க்காமல், "மாப்ளே, நடுக்கோடு எங்கே, அதைக் காட்டு முதல்ல" என்றார். என்னிடம் நடுக்கோடு என்று ஒன்று இல்லை. அதுதான் பிரச்சினை.

பட்டைகளை, அதாவது லீஃப் ஸ்பிரிங்குகளை, மாற்றிப் பழைய இடத்திலேயே ஆக்சிலை உட்கார வைப்பவருக்கும், பட்டையை எடுத்துவிட்டுக் காயில் ஸ்பிரிங்கும் லிங்க்குகளும் (ஆக்சிலைச் சேசிஸோடு பிணைக்கும் தண்டுகள்) போடுபவருக்கும் அளக்கும் முறை ஒன்றே. இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

சட்டத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். தேய்ந்த பட்டையை எடுத்துவிட்டு அதே மாதிரிப் பட்டை போடுவது பழுதுபார்ப்பு. பட்டையை எடுத்துவிட்டு நான்கு லிங்க் போடுவது மாற்றம். என் வண்டியில் இப்போது லிங்க்தான் இருக்கிறது. அதனால் அது சாலையில் ஓடுவதில்லை. ஊருக்கு வெளியே தனியார் நிலத்தில் நடக்கும் ஆஃப்ரோடு ஓட்டங்களுக்கு லாரியில் ஏறித்தான் போகிறது.

என்னென்ன வேண்டும்

இரண்டு தூக்குக் குண்டுகள், கொத்தனார்கள் பயன்படுத்தும் நைலான் நூல் ஒரு உருண்டை, 5 மீட்டர் ஸ்டீல் டேப், பத்து மீட்டர் கண்ணாடி டியூப் (உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் குழாய்), மாஸ்கிங் டேப், கூரான பென்சில், சாக்பீஸ். 600 மி.மீ. நீளத்தில் நேரான அலுமினியச் சதுரக் குழாய் இரண்டு. காந்தம் வைத்த டிஜிட்டல் கோணமானி ஒன்று, எஸ்.பி. ரோட்டில் டூல்ஸ் கடைகளில் கிடைக்கும். போனில் உள்ள ஆப் போதாதா என்றால், அவசரத்துக்குப் போதும். ஆனால் போனின் விளிம்பு உருண்டையாக இருக்கிறது, கேமரா வேறு துருத்திக்கொண்டிருக்கிறது. புஷ், ஆக்சிலைப் பட்டையோடு கட்டும் யு போல்ட், ஷாஃப்ட் மூட்டுக்கான கிராஸ் எல்லாம் ஜே.சி. ரோட்டில் வாங்கலாம். பழைய யு போல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள். ஒருமுறை முறுக்கி இழுபட்டது அது.

டேப்பைப் பற்றி ஒரு வார்த்தை. அதன் மூக்கு ஆடும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது. அதை நம்பாமல் 100 மி.மீ. கோட்டைப் புள்ளியில் வைத்து அளந்து, கடைசியில் 100-ஐக் கழியுங்கள். இரண்டு பக்கமும் கழியுங்கள். நான் ஒருமுறை ஒரு பக்கம் மட்டும் கழித்துவிட்டு, சேசிஸ் பத்து சென்டிமீட்டர் வளைந்துவிட்டதாக அரை மணி நேரம் துக்கத்தில் இருந்தேன். எல்லா அளவையும் ஒரே டேப்பில் எடுங்கள்.

வண்டியைத் தாங்க நான்கு நல்ல ஸ்டாண்டுகள் வேண்டும். ஹாலோ பிளாக் வைக்காதீர்கள். அது எச்சரிக்கையே இல்லாமல் நொறுங்கும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும், தாங்குவதற்கு இல்லை. முன் சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை கொடுத்துவிட்டு வண்டியைக் கையால் பலமாக ஆட்டிப் பாருங்கள். அது ஆடினால் அடியில் போகாதீர்கள்.

பிரிப்பதற்கு முன்

வண்டி தன் எடையில் நிற்கும்போது ஹவுசிங்குக்கும் (ஆக்சிலின் வெளிக்கூடு) சேசிஸுக்கும் உள்ள இடைவெளியை இரு பக்கமும் அளந்து சுவரிலேயே எழுதி வையுங்கள். இதுதான் நிற்கும் உயரம். இனிமேல் எல்லா அளவும் இந்த உயரத்தில்தான் எடுக்க வேண்டும். ஆக்சிலைத் தொங்கவிட்டு அளந்தால் வரும் எண் வேறு, ஓடும்போது இருக்கும் எண் வேறு. புதிதாக உயரத்தை மாற்றப்போகிறீர்கள் என்றால் எத்தனை மி.மீ. என்று இப்போதே முடிவெடுங்கள். ஸ்பிரிங் இருக்கும் இடத்தில் அந்த உயரத்துக்கு வெட்டிய சதுரக் குழாய்த் துண்டுகளை நிறுத்தி வேலை செய்வது நல்லது. ஸ்பிரிங் அமுங்கும், விரியும். குழாய் அப்படியே நிற்கும்.

எஞ்சினின் சுழற்சியைப் பின் ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் பிரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றும் முன், சறுக்கும் பகுதி இரண்டும் சேரும் இடத்தில் பெயிண்ட்டால் ஒரு கோடு போடுங்கள். ஷாஃப்ட்டின் இரண்டு முனையிலும் உள்ள கவைகள் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். ஒரு பல் மாற்றி மாட்டினால் அப்புறம் வரும் அதிர்வுக்கு நீங்கள் ஆக்சிலைத்தான் திட்டுவீர்கள்.

மட்டம்: தரைக்கு இல்லை, சேசிஸுக்கு

எங்கள் ஊர் கார் நிறுத்துமிடங்கள் எல்லாம் மழைத் தண்ணீர் வெளியே ஓடச் சரிவு விட்டுக் கட்டியவை. அதைப் பார்த்துப் பலர், "மட்டமான தரை இல்லை, நமக்கு ஆகாது" என்று விட்டுவிடுகிறார்கள். ஆகும். மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் சரிவு இருந்தால், அதன் மேல் அளக்கும் நீளத்தில் வரும் பிழை மீட்டருக்கு 0.05 மி.மீ. மட்டுமே. அதை மறந்துவிடலாம்.

மறக்கக் கூடாதது சேசிஸின் சாய்வு. சேசிஸ் ஒரு பக்கமாக ஒரே ஒரு டிகிரி சாய்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு புள்ளியைவிட இன்னொரு புள்ளி 200 மி.மீ. உயரத்தில் இருந்தால், தூக்குக் குண்டு விடும்போது அது 3.5 மி.மீ. தள்ளி விழும். நாம் துரத்துவதே இரண்டு மூன்று மி.மீ. பிழையைத்தான். அதனால் கண்ணாடி டியூப்பில் தண்ணீர் ஊற்றி, குமிழி இல்லாமல் பார்த்து, சேசிஸின் இடது வலது புள்ளிகள் ஒரே மட்டத்துக்கு வரும்வரை ஸ்டாண்டுகளின் கீழே இரும்புத் தகடு கொடுங்கள். முன்பின் சாய்வு வண்டி நிற்கும்போது எப்படி இருந்ததோ அப்படியே இருக்கட்டும். பிறகு ஹவுசிங்கையும் இடவலமாக மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள்.

நடுக்கோடு

சரி, மாமா கேட்ட கேள்விக்கு வருவோம். தங்கவயலின் சேம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம். மேலே வரைபடத்தில் உள்ள திசையைச் சுரங்கத்தின் அடிக்குக் கொண்டுபோக, குழிக்குள் கம்பியில் குண்டுகளைத் தொங்கவிட்டு, அந்தக் கம்பிகளை வைத்து அடியில் கோடு இழுப்பது சுரங்க அளவைக்காரர்களின் பழைய முறை. நாம் செய்யப்போவதும் அதேதான், ஆழம் மட்டும் முழங்கால் அளவு. அங்கே குண்டின் ஆட்டத்தை அடக்க அதை எண்ணெயில் முக்கி வைப்பார்களாம். நமக்கு மின்விசிறியை அணைத்தால் போதும்.

சேசிஸில் இடதும் வலதுமாக ஜோடிப் புள்ளிகளைத் தேர்ந்தெடுங்கள். முன் பட்டையின் முன்கண் (பட்டை முனையில் சுருட்டிய வளையம்) போல்ட் ஒரு ஜோடி. நடுவில், தொழிற்சாலையிலேயே போட்ட வட்ட ஓட்டைகள் ஒரு ஜோடி. பின் பட்டை மாட்டும் பிராக்கெட் ஒரு ஜோடி. பம்பர் பிராக்கெட், பாடி போல்ட், பிற்பாடு யாரோ வெல்டு வைத்த குறுக்குச் சட்டம் ஆகியவற்றைத் தொடாதீர்கள். பத்து வருடம் ஓடிய வண்டியில் பம்பர் பிராக்கெட் நேராக இருந்தால் அது அதிசயம்.

ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் குண்டைத் தரையைத் தொட்டும் தொடாமலும் தொங்கவிட்டு, அது விழும் இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி, பென்சிலால் கூட்டல் குறி போடுங்கள். ஆறு புள்ளிகளும் விழுந்த பிறகு ஒவ்வொரு ஜோடிக்கும் நடுப்புள்ளியைக் குறியுங்கள். முதல் நடுப்புள்ளியிலிருந்து மூன்றாவதற்கு நூலை இழுத்துப் பிடித்தால், இரண்டாவது நடுப்புள்ளி நூலுக்குக் கீழே வர வேண்டும்.

இரண்டு மி.மீ.க்குள் வந்தால் நல்ல சேசிஸ். ஐந்து, ஆறு என்று விலகினால் இரண்டில் ஒன்று: நீங்கள் எடுத்த புள்ளி தப்பு, அல்லது சேசிஸ் வளைந்திருக்கிறது. நான்காவதாக ஒரு ஜோடியை எடுத்துப் பாருங்கள். ஒரே ஒரு ஜோடி மட்டும் ஒத்துப்போகாவிட்டால் அதைத் தள்ளிவிடலாம். எதுவுமே ஒத்துப்போகாவிட்டால் ஆக்சில் வேலையை நிறுத்திவிட்டு, சேசிஸ் நிமிர்த்தும் பட்டறைக்குத்தான் போக வேண்டும். வளைந்த சேசிஸில் நேராக வைத்த ஆக்சில் என்று ஒன்று கிடையாது.

நூலில் சாக்பீஸ் தூளைத் தேய்த்து, இரண்டு முனையையும் இழுத்துப் பிடித்து நடுவில் சுண்டுங்கள். தரையில் ஒரு வெள்ளைக் கோடு விழும். இதுதான் வண்டி.

இனி இதற்குச் செங்குத்தாக ஒரு கோடு வேண்டும். ஆக்சில் வர வேண்டிய இடத்தை நடுக்கோட்டில் குறியுங்கள். முன் ஆக்சிலின் இரு பக்க அளவுகளுக்கும் சராசரி எடுத்து, அங்கிருந்து சக்கர இடைவெளியை (முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் உள்ள தூரம்) வைத்தால் அது கிடைக்கும். ஜிப்சிக்கு 2375 மி.மீ. அந்தப் புள்ளிக்கு முன்னே 600, பின்னே 600 என்று நடுக்கோட்டிலேயே இரண்டு புள்ளிகள் வையுங்கள். 1000 மி.மீ. நூலின் ஒரு முனையை அவற்றில் மாறி மாறி வைத்து இரு பக்கமும் வில் வரையுங்கள். வில்கள் வெட்டும் இரண்டு புள்ளிகளையும் சேர்த்து நூல் அடித்தால் அது ஆக்சில் கோடு. வெட்டும் புள்ளி நடுவிலிருந்து சரியாக 800 மி.மீ.யில் இருக்க வேண்டும். 600, 800, 1000: வீட்டுக்கு மூலை பார்க்கும் மேஸ்திரியின் மூன்று, நான்கு, ஐந்துதான் இது.

ஹவுசிங் நேராக இருக்கிறதா?

பெரும்பாலோர் இதைப் பார்ப்பதில்லை. பழைய ஹவுசிங் வாங்குபவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். இரண்டு பிரேக் டிரம் முகத்திலும் அந்த 600 மி.மீ. அலுமினியக் குழாய்களை ஹப்பின் உயரத்தில் படுக்கவைத்து, வீல் நட்டால் இறுக்குங்கள். முன்முனைகளுக்கு நடுவே உள்ள தூரம், பின்முனைகளுக்கு நடுவே உள்ள தூரம் இரண்டையும் அளங்கள். டிரம்களை அரைச் சுற்றுச் சுற்றி இன்னொரு முறை அளந்தால் டிரம்மின் சொந்தக் கோணல் கழிந்துவிடும். வித்தியாசம் ஒன்றரை மி.மீ.க்குள் இருக்கட்டும். அதற்கு மேல் என்றால் ஹவுசிங் வாழைப்பழம் போல வளைந்திருக்கிறது. லேத் பட்டறை வேலை அது.

இன்னொன்று. ஜிப்சியிலும் பழைய ஜீப்பிலும் கிரௌன் என்கிற பெரிய பல்சக்கரம் இருக்கும் உருண்டை ஹவுசிங்கின் நடுவில் இருக்காது. ஒரு பக்கம் தள்ளியிருக்கும். அதை நடுக்கோட்டுக்கு நேராக வைக்க முயன்றவர்கள் இருக்கிறார்கள். நடு என்பது இரண்டு டிரம் முகங்களுக்கு நடு.

முதலில் நடு, அப்புறம்தான் நேர்

என் தப்பு இங்கேதான் நடந்தது. சேசிஸில் 700 மி.மீ. இடைவெளியில் இரண்டு புள்ளிகள், ஆக்சிலில் 900 மி.மீ. இடைவெளியில் இரண்டு புள்ளிகள், நடுவே 1800 மி.மீ. தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குறுக்களவு ஒவ்வொன்றும் சுமார் 1970 மி.மீ. வரும். ஆக்சில் நேராகவே இருந்து வலப்பக்கம் 6 மி.மீ. நகர்ந்திருந்தால், குறுக்களவுகளுக்குள் கிட்டத்தட்ட 5 மி.மீ. வித்தியாசம் தெரியும். ஆக்சில் நடுவிலேயே இருந்து, வலது முனை இடது முனையைவிட 5 மி.மீ. முன்னே போயிருந்தாலும் கிட்டத்தட்ட 5 மி.மீ. வித்தியாசம்தான் வரும், ஆனால் எதிர்த்திசையில். இரண்டு தப்பும் ஒன்றாக இருந்தால்? ஒன்றை ஒன்று மறைத்துக்கொள்ளும். குறுக்களவு சமம் என்று காட்டும். வண்டியோ நண்டாக நடக்கும்.

எனக்கு நடந்தது அச்சுப்பிசகாமல் அதுவே. 900 மி.மீ.க்கு 5 மி.மீ. என்றால் மூன்றில் ஒரு பங்கு டிகிரிக்கும் சற்றுக் குறைவு. கேட்கச் சின்னதுதான். ஆனால் 2375 மி.மீ. நீளத்தில் பின்பக்கம் 13 மி.மீ. விலகும். ஸ்டீயரிங்கில் பெருகி ஐந்து டிகிரி ஆகும்.

ஆகவே வரிசை முக்கியம். மேல் லிங்க்குகளைக் கழற்றியே வையுங்கள். முதலில் இரண்டு டிரம் முகங்களிலிருந்தும் குண்டு விட்டு, நடுக்கோட்டுக்கு உள்ள தூரத்தைச் சமமாக்குங்கள். பான்ஹார்ட் ராடு (ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் தண்டு) இருந்தால் அதன் நீளத்தை மாற்றி நகர்த்தலாம். 2 மி.மீ.க்குள் வந்தால் போதும்.

பிறகுதான் நேர். ஹவுசிங் குழாயின் மேல் இரு முனையிலும், நடுவிலிருந்து ஒரே தூரத்தில், நூலைப் போட்டு முன்புறமாகக் குண்டைத் தொங்கவிடுங்கள். ஆக்சில் கோட்டுக்கும் குண்டுக்கும் உள்ள தூரம் இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். தடம், அதாவது இடது வலது சக்கரங்களுக்கு நடுவே உள்ள தூரம், 1300 மி.மீ. என்றால், அந்த அகலத்தில் 2 மி.மீ. வித்தியாசம் 0.1 டிகிரிக்கும் குறைவு, அதோடு நிறுத்திக்கொள்ளலாம். சக்கரத்தின் ரிம்மில் நூல் பிடித்து அளப்பவர்கள் கவனிக்க: 15 அங்குல ரிம்மில் ஒரு மி.மீ. என்பதே 0.15 டிகிரி. ஆக்சில் முனைகளில் அளப்பது அதைவிட மூன்று மடங்குக்கு மேல் நுணுக்கமானது.

கடைசியாகக் குறுக்களவு எடுங்கள். இப்போது அது சாட்சி மட்டுமே, நீதிபதி இல்லை.

பட்டை வண்டியில் நேர் வரவில்லை என்றால் மூன்று இடங்களைப் பாருங்கள்: தேய்ந்த புஷ், ஆக்சில் இருக்கையில் பெரிதாகிப்போன சென்டர் போல்ட் ஓட்டை, மெயின் பட்டையின் நீளம். கண்ணைத் திரும்பச் சுருட்டிய பட்டையில் முன்கண்ணிலிருந்து சென்டர் போல்ட் வரை மூன்று நான்கு மி.மீ. குறைந்திருப்பது உண்டு. இரண்டு பட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்கவைத்தால் தெரிந்துவிடும். ஓட்டையைப் பெரிதாக்கி இழுத்துவைக்கும் யோசனையை யாராவது சொல்வார்கள். நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள்.

லிங்க் வண்டியில், கீழ் லிங்க் இரண்டையும் ஒரே அளவில் செய்ய, ஒரு தடித்த தகட்டில் இரண்டு போல்ட்டுகளை நிறுத்தி அவற்றில் மாட்டியே வெல்டு வையுங்கள். லிங்க்கின் முனையில் திருகும் 18 மி.மீ. ராட் எண்டில் மரையின் இடைவெளி ஒன்றரை மி.மீ. ஒரு முனை இடமரை, மறு முனை வலமரை என்றால், குழாயை ஒரு சுற்றுச் சுற்றினால் நீளம் 3 மி.மீ. மாறும். ஒரு பக்கத்தைக் கால் சுற்று நீட்டினால் மறு பக்கத்தைக் கால் சுற்றுக் குறையுங்கள். சக்கர இடைவெளி மாறாது. மரை 27 மி.மீ.யாவது உள்ளே இருக்க வேண்டும்.

பான்ஹார்ட் ராடு பற்றியும் கொஞ்சம். அது வட்டத்தில்தான் சுழலும் என்பதால், ஆக்சில் ஏறி இறங்கும்போது பக்கவாட்டிலும் நகரும். 900 மி.மீ. நீள ராடு, நிற்கும் உயரத்தில் மட்டமாக இருந்தால், 100 மி.மீ. ஏற்றத்துக்கு 5.6 மி.மீ. நகரும். 600 மி.மீ. ராடு என்றால் 8.4. இடம் உள்ளவரை நீளமாக வையுங்கள், மட்டமாக வையுங்கள். கீழ் லிங்க்குக்கும் அதே புத்திதான். சேசிஸ் பக்கத்து முனை ஆக்சில் பக்கத்து முனையைவிட ரொம்ப உயரமாக இருந்தால், வளைவில் வண்டி சாயும்போது வெளிப்பக்கச் சக்கரம் பின்னே போகும், உள்பக்கச் சக்கரம் முன்னே வரும். ஆக்சில் தானாகவே ஸ்டீயரிங் பிடிக்க ஆரம்பித்துவிடும், அதுவும் தப்பான பக்கம். உயரத்தை ஏற்றிய வண்டிகளில் இது சாதாரணமாக வரும் வியாதி.

பினியன் கோணம்

பிரொப்பல்லர் ஷாஃப்ட்டின் முனைகளில் உள்ள கிராஸ் ஜாயிண்ட் வளைந்த நிலையில் சுற்றும்போது, ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். இரண்டு முனையிலும் வளைவு சமமாக இருந்தால் ஒன்று செய்ததை மற்றது சரிக்கட்டிவிடும். அதனால் கியர்பாக்ஸுக்குப் பின்னால் உள்ள ட்ரான்ஸ்பர் கேஸின் வெளி ஷாஃப்ட்டும் பினியனும் (ஆக்சிலுக்குள் கிரௌனைச் சுற்றும் சின்னப் பல்சக்கரத்தின் தண்டு) இணையாக இருக்க வேண்டும்.

கோணமானியை ஃபிளாஞ்சின் கடைந்த முகத்தில் வையுங்கள். ட்ரான்ஸ்பர் கேஸ் ஷாஃப்ட் பின்னோக்கி 3 டிகிரி இறங்குகிறது, பிரொப்பல்லர் ஷாஃப்ட் 6 டிகிரி இறங்குகிறது என்றால், மேல் ஜாயிண்ட்டின் வளைவு 3. பினியன் மூக்கு 3 டிகிரி மேல்நோக்கி இருந்தால் கீழேயும் 3. ஆனால் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது பினியன் மூக்கு மேலே ஏறும். அதற்காக ஒரு டிகிரி குறைத்து 2-இல் வையுங்கள். பட்டை வண்டியில் இன்னும் அதிகமாக முறுக்கும். ஒன்றரை, இரண்டு டிகிரிகூடக் குறைக்கலாம். வளைவே இல்லாமல் நேர்க்கோடாக வைக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். கிராஸில் உள்ள ஊசி உருளைகள் உருளாமல் ஒரே இடத்தில் இடித்து அங்கேயே குழி விழும். ஒரு டிகிரியாவது இருக்கட்டும்.

லிங்க் வண்டியில் மேல் லிங்க்கின் நீளம்தான் இந்தக் கோணத்தைத் தீர்மானிக்கும். பட்டை வண்டியில் ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவே ஆப்புத் தகடு வைக்க வேண்டும். மேல் லிங்க்கை மாட்டியதும் நடு, நேர் இரண்டையும் திரும்ப அளந்துகொள்ளுங்கள்.

வெல்டிங்

பிராக்கெட்டுகளை முதலில் டாக் மட்டும் வையுங்கள், ஒவ்வொன்றுக்கும் மூன்று நான்கு புள்ளி. பிறகு குழாய்த் துண்டுகளை எடுத்துவிட்டு, ஸ்பிரிங் இல்லாமல் ஆக்சிலை முழு ஏற்றத்துக்கும் முழு இறக்கத்துக்கும் ஜாக்கியால் கொண்டுபோங்கள். ஒரு பக்கம் மட்டும் தூக்கியும் பாருங்கள். பிரேக் ஓஸ் இழுபடுகிறதா, ராடு எதையாவது தொடுகிறதா, ஷாஃப்ட்டின் சறுக்கும் பகுதி கழன்று விழும் அளவுக்கு வெளியே வருகிறதா, பெட்ரோல் டேங்கில் ஏதாவது இடிக்கிறதா? இந்தக் கட்டத்தில் தப்பைக் கண்டுபிடித்தால் கிரைண்டரில் ஐந்து நிமிட வேலை. முழு வெல்டுக்குப் பிறகு என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போகும்.

முழு வெல்டை நீங்களே வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. டாக் வைக்கத் தெரிவது வேறு, உயிர் தொங்கும் இடத்தில் வெல்டு வைக்கத் தெரிவது வேறு. எனக்குச் சிவாஜிநகரிலிருந்து ஒரு வெல்டர் மெஷினோடு வீட்டுக்கே வந்தார். அவரிடம் பேரம் பேசியதைவிட அதிக நேரம் நான்கு விஷயங்களைப் பேசினேன். நீங்களும் பேசுங்கள்.

ஒன்று, பேட்டரியைக் கழற்றிவிடுவது. பெட்ரோல் டேங்கை இறக்கி வெளியே வைப்பது. இரண்டு, எர்த் கிளாம்ப்பை ஹவுசிங்கிலேயே, வெல்டுக்குப் பக்கத்திலேயே மாட்டுவது. டிரம்மிலோ சேசிஸிலோ மாட்டினால் கரண்ட் பேரிங் வழியாகப் போய் அதன் குண்டுகளைச் சுட்டுவிடும். முடிந்தால் ஆக்சில் ஷாஃப்ட், சீல், பேரிங் எல்லாவற்றையும் கழற்றிவிட்டே வெல்டு வைக்கலாம். மூன்று, நடு உருண்டை வார்ப்பிரும்பாக இருந்தால் அதில் பிராக்கெட் வைக்காமல் இருப்பது. சூடேற்றி, நிக்கல் ராடு போட்டு, மெல்ல ஆறவிட்டுச் செய்யும் வேலை அது, வாசலில் செய்வதில்லை. நான்கு, ஒரே இடத்தில் நீளமாக இழுக்காமல் 25 மி.மீ. இங்கே, 25 மி.மீ. மறுமுனையில் என்று மாறி மாறிப் போவது. வெல்டு ஆறும்போது சுருங்கும்; எந்தப் பக்கம் வெல்டு அதிகமோ அந்தப் பக்கமாக ஹவுசிங் வளையும். அவசரப்பட்டு ஈரத்துணி போட்டு ஆற்றாதீர்கள்.

எங்கள் வெல்டர் இரண்டாவது பிராக்கெட்டில், "அண்ணா, இப்படி நிறுத்தி நிறுத்திப் போனா சாயங்காலம் ஆயிடும்" என்றார். ஆகட்டும் என்றேன். ஆனது.

ஆறிய பிறகு அலுமினியக் குழாய்களை மறுபடி டிரம்மில் மாட்டி அளங்கள். முன்னே எடுத்த எண்ணிலிருந்து ஒரு மி.மீ.க்குள் மாறியிருந்தால் விட்டுவிடலாம்.

ஓட்டிப் பார்ப்பது

புஷ் போல்ட்டுகளை வண்டி தன் எடையில் நிற்கும்போதுதான் கடைசியாக இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். யு போல்ட்டுகளை மூலைக்கு மூலையாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். எல்லா லாக் நட்டிலும் பெயிண்ட் மார்க்கரால் நட்டிலிருந்து ராடுக்கு ஒரு கோடு இழுங்கள்.

அடுத்து தண்ணீர்ச் சோதனை. பெங்களூரில் இதற்குச் செலவே இல்லை. சாயங்கால மழை முடிந்ததும் காய்ந்த சிமெண்ட் தரை ஒன்றைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். ஒரு குட்டையில் நான்கு சக்கரங்களையும் நனைத்துவிட்டு, நேராகப் பத்து மீட்டர் மெல்ல ஓட்டி நிறுத்துங்கள். இறங்கி, தடங்களைப் பாருங்கள். முன் தடமும் பின் தடமும் ஒன்றின் மேல் ஒன்று, அல்லது இரு பக்கமும் ஒரே அளவு உள்ளேயோ வெளியேயோ இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் வெளியே தெரிந்தால் நண்டு இன்னும் சாகவில்லை.

பட்டை வண்டி என்றால் அலைன்மெண்ட் கடைக்கு ஒருமுறை போங்கள், ஆனால் நான்கு சக்கரத்திலும் சென்சார் மாட்டும் கடைக்கு. முன் சக்கரத்தை மட்டும் பார்க்கும் கடையில் பின் ஆக்சிலின் கோணலுக்கு ஏற்றபடி முன் சக்கரத்தைத் திருப்பி, ஸ்டீயரிங்கை நேராக்கிக் கொடுத்துவிடுவார்கள். நோய் மறைந்துவிடும், டயர் தேயும். தாளில் "த்ரஸ்ட் ஆங்கிள்" என்ன என்று கேளுங்கள். பின் சக்கரங்கள் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு விலகிப் பார்க்கின்றன என்பதுதான் அது. 0.1 டிகிரிக்குள் இருந்தால் உங்கள் நூலும் அவர்கள் கம்ப்யூட்டரும் ஒத்துப்போகின்றன என்று பொருள். வண்டியைத் தரையில் போட்டு மூன்றாவது முறை அளந்தபோது எனக்கு வந்த கணக்கு 0.07.

நூறு கிலோமீட்டர் ஓடியதும் யு போல்ட்டுகளைத் திரும்ப இறுக்குங்கள். புதுப் பட்டைகள் படிந்துகொள்ளும்போது அவை கட்டாயம் தளரும். ஆஃப்ரோடு வண்டி என்றால் முதல் ஓட்டம் முடிந்த அன்றே பாருங்கள். லாக் நட்டுகளில் போட்ட பெயிண்ட் கோடு எங்காவது முறிந்திருந்தால், அந்த லிங்க் நகர்ந்திருக்கிறது. நட்டை இறுக்கிவிட்டுப் போகாதீர்கள். குண்டை எடுத்துக்கொண்டு, முதலில் நடு, அப்புறம் நேர் என்று திரும்ப அளந்துவிட்டுத்தான் இறுக்க வேண்டும்.